காராமணியும் கீரைச்சாறும்

மாதத்துக்கு எட்டு பவுண்டு பன்றி இறைச்சி, இல்லையென்றால் அதற்கு ஈடான மீன். அதோடு ஒரு புஷல் மக்காச்சோள மாவு. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு பெரும்பண்ணையில் அடிமைகளுக்கு அளக்கப்பட்ட படி இது. அங்கே அடிமையாக வளர்ந்து, தப்பி, பின்னாளில் விடுதலை இயக்கத்தின் பெருங்குரலாக எழுந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இந்தக் கணக்கைக் குறித்து வைத்திருக்கிறார். எட்டு பவுண்டு என்றால் மூன்றரைக் கிலோ சொச்சம். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வயலில் உழைக்கும் உடம்புக்கு ஒரு மாதத்துக்கு அவ்வளவுதான்.

இந்தப் படியை மட்டும் தின்று யாரும் நெடுநாள் நோயில்லாமல் வாழ முடியாது. அதில் வைட்டமின் சி இல்லை, போதிய கால்சியம் இல்லை. மாவில் இருக்கும் சில சத்துகளும் உடம்பில் சேராத வடிவில் இருக்கின்றன. ஆனாலும் அந்த மக்கள் வாழ்ந்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், உலகம் இன்று தேடிப்போய் உண்ணும் ஒரு சமையலையும் உண்டாக்கினார்கள். பண்ணையார் கொடுத்ததற்கும் உடம்பு கேட்டதற்கும் நடுவே இருந்த பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள்? எழுதப் படிக்கக் கற்பதே பல மாநிலங்களில் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். தாவரவியலும் வேதியியலும் அவர்களிடம் கைப்பழக்கமாகவே இருந்தன. அந்த அறிவை இன்று ஒரு தட்டில் வாங்கிச் சாப்பிடலாம்.

அதற்கான இடம் வாஷிங்டனில் இருக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம் 2016 செப்டம்பர் 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. வாஷிங்டன் நினைவுத் தூணுக்குப் பக்கத்தில், வெண்கல நிறத்தில் அடுக்கடுக்காக விரிந்து நிற்கும் கட்டடம். கட்டடக் கலைஞர் டேவிட் அட்ஜாயே அந்த வடிவத்தை மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மரச் சிற்பத்திலிருந்து எடுத்தார். கட்டடத்தின் பாதிக்கு மேல் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அடிமை வணிகத்தில் தொடங்கும் வரலாற்றுக் கூடங்கள் ஆக ஆழத்தில் இருக்கின்றன. 1794-இல் கேப் டவுன் அருகே உடைந்து, சங்கிலியில் கிடந்த இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கடலில் பறிகொடுத்த சாவோ ஜோஸே என்ற கப்பலின் எச்சங்கள் திறப்பின்போது அங்கேதான் வைக்கப்பட்டன. அங்கிருந்து படிப்படியாக மேலேறி வருபவர்கள் வந்து சேரும் தளத்தில் ஸ்வீட் ஹோம் கஃபே என்ற உணவகம். ஏறத்தாழ 400 பேர் உட்காரலாம்.

திறந்தபோது உணவகத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள்: தென்புலத்து விவசாய நாடு, கிரியோல் கடற்கரை, வட மாநிலங்கள், மேற்குப் புல்வெளி. அடிமைத்தனம் முடிந்தபின் 1910-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் கூடவே எடுத்துப்போன தென்புலச் சமையலுக்குத்தான் 1960-களில் ‘சோல் ஃபுட்’ என்ற பெயர் பரவியது. ஆகவே அந்த நான்கு பகுதிகளும் அந்த மக்களின் பயணப் பாதை.

உணவகச் சுவரில் பெரிதாக ஒரு புகைப்படம். 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உல்வர்த் கடையின் உணவு மேடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தும் எழவில்லை. மறுநாள் கூட்டம் கூடியது, பிறகு போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. அந்த ஆண்டு ஜூலையிலேயே அந்த மேடை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் உரிமைக்குப் போராட வேண்டியிருந்த நாட்டில், அந்தப் படத்தின் கீழே எல்லா நிறத்தவரும் தட்டேந்தி உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமில்லை.

இனி தட்டுக்கு வருவோம். முதலில் காராமணி. தட்டைப்பயறு என்றும் நாம் சொல்லும் அதே பயறுதான். வெள்ளை விதையில் கறுப்புக் கண். இதையும் அரிசியையும் பன்றி இறைச்சித் துண்டோடு சேர்த்து வேகவைத்தால் ஹாப்பிங் ஜான். புத்தாண்டு அன்று இதைச் சாப்பிட்டால் ஆண்டு முழுதும் நல்லது நடக்கும் என்பது தென் மாநிலத்தவர் நம்பிக்கை. காராமணி ஆப்பிரிக்காவின் பயிர். இன்றைய கானாவில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் மக்கள் இதை உண்டதற்குச் சாட்சியாகக் கருகிய விதைகள் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய அதே காலத்தில் அது கடல் தாண்டி இந்தியாவுக்கும் வந்துவிட்டது. நம் ஊர்க் காராமணிக் குழம்புக்கும் கரோலினாவின் ஹாப்பிங் ஜானுக்கும் தாய்நிலம் ஒன்றே. எள் நேர் எதிர்த் திசையில் போனது. இந்தியத் துணைக்கண்டத்தில் பயிராகி, ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து அடிமைக் கப்பல்களின் வழியே தென் கரோலினா சேர்ந்து, இன்றும் சார்ல்ஸ்டன் நகரில் மெல்லிய இனிப்பு பிஸ்கட்டாக விற்கிறது.

அரிசியோடு பயறு சேர்வதில் ருசிக்கு அப்பால் ஒரு கணக்கும் இருக்கிறது. நம் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களை உணவிலிருந்து பெற்றாக வேண்டும். தானியங்களில் லைசின் குறைவு. பயறுகளில் லைசின் மிகுதி, ஆனால் மெத்தியோனைன் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். இறைச்சி பெயருக்கு மட்டும் இருந்தாலும் புரதம் முழுமையாகிவிடும். மேற்கு ஆப்பிரிக்கர்கள் கப்பலில் ஏற்றப்படுவதற்கு வெகு காலம் முன்பே இந்தச் சேர்க்கையை உண்டு பழகியவர்கள்.

அரிசி அவர்களுக்குப் புதிதும் அல்ல. ஆசிய நெல்லுக்கு எந்தத் தொடர்பும் இல்லாமல், நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்தில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கர்கள் தங்களுக்கென்று ஒரு நெல்லினத்தைக் காட்டிலிருந்து எடுத்து வயல் பயிராக்கினார்கள். உலகில் பயிரிடப்படும் நெல்லினங்கள் இரண்டே. ஒன்று ஆசியாவினுடையது, மற்றது அது. தென் கரோலினாவின் சதுப்பு நிலங்களில் வரப்புக் கட்டி, கடல் ஏற்றவற்றத்தைக் கொண்டே ஆற்று நீரை வயலுக்குள் விட்டும் வடித்தும் நெல் விளைவித்தவர்களில் பலர் செனெகலிலிருந்து சியரா லியோன் வரையிலான நெல் நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். உரலும் உலக்கையும் புடைக்கும் கூடையும் அவர்கள் கைவழியே அமெரிக்கா சேர்ந்தன. பண்ணையாரின் பெருவயலில் விளைந்தது ஆசிய நெல். ஆப்பிரிக்க நெல் என்ன ஆயிற்று?

சூரினாம் நாட்டுக் காடுகளில் அதற்கு விடை கிடைத்தது. தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகளின் வழித்தோன்றல்களான மரூன் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். தங்கள் மூதாட்டிகள் தலைமுடிக்குள் நெல்மணிகளை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்பது அவர்களிடம் வழிவழியாக வரும் கதை. அவர்கள் வயலில் நின்ற நெல்லின் மரபணுவைப் படித்து, நெதர்லாந்தின் தாவரவியலாளர் டிண்டே வான் ஆண்டலும் குழுவினரும் 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அது ஆப்பிரிக்க நெல்லேதான். மேற்கு ஐவரி கோஸ்ட்டில் பயிராகும் ஒரு வகைக்கு மிக நெருங்கிய உறவு. எழுதப்படாத வரலாற்றை ஒரு நெல்மணி நூற்றாண்டுகள் தாண்டிச் சுமந்து வந்திருக்கிறது. இந்த ஒரு செய்திக்காகவே மரபணு அறிவியலுக்கு நான் கைகூப்புவேன்.

மக்காச்சோளத்தின் கதை துயரமானது. கார்ன்பிரெட் என்னும் ரொட்டியும் கிரிட்ஸ் என்னும் கஞ்சியும் அதிலிருந்து வருபவை. உணவகத்தில் இரண்டும் உண்டு. மக்காச்சோளம் அமெரிக்கப் பழங்குடிகளின் தானியம். அவர்கள் அதை மரச்சாம்பல் கரைத்த நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ வேகவைத்து, தோல் நீக்கி உண்டார்கள். அந்தக் காரம் தோலைக் கழற்றுவதோடு நிற்பதில்லை. மக்காச்சோளத்தில் நியாசின் என்னும் வைட்டமின் பி3 வேறு பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது. குடலால் அதைப் பிரிக்க முடியாது. காரநீர் அந்தப் பிணைப்பை அறுத்து விடுகிறது. நியாசினை உடம்பே டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்துகொள்ளவும் முடியும். ஆனால் அதுவும் மக்காச்சோளத்தில் குறைவு. வெள்ளைக்காரக் குடியேறிகள் தானியத்தை எடுத்துக்கொண்டார்கள், சாம்பலை விட்டுவிட்டார்கள். ஆலைகள் பெருகியபோது மாவு மேலும் வெளுத்தது, முளையும் நீக்கப்பட்டது.

விளைவு பெல்லாக்ரா. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, மனம் கலங்கும், முடிவில் சாவு. 1906-க்கும் 1940-க்கும் இடையில் அமெரிக்காவில், பெரும்பாலும் தென் மாநிலங்களில், சுமார் 30 லட்சம் பேரை இந்நோய் பிடித்தது; ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். கிருமியால் வருவது என்றே மருத்துவ உலகம் நம்பியது. பொது நலத்துறை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914-இல் ஆராயப் போனபோது கவனித்தது ஒன்று: அநாதை இல்லங்களிலும் மனநல விடுதிகளிலும் உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, பணியாளர்களுக்கு வருவதில்லை. சேர்ந்தே இருந்தும் தொற்றவில்லையென்றால் வித்தியாசம் சாப்பாட்டில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுத்தார், நோய் மறைந்தது. நோயாளிகளின் இரத்தத்தையும் கழிவையும் தன் உடம்புக்குள்ளும் மனைவி, நண்பர்கள் உடம்புக்குள்ளும் செலுத்திக்கொண்டு, இது தொற்றுநோய் அல்ல என்று காட்டினார். அப்படியும் பலர் ஏற்கவில்லை. வறுமைதான் நோய்க்குக் காரணம் என்று தங்கள் மண்ணைப் பற்றி ஒருவர் சொல்வது தென் மாநிலத் தலைவர்களுக்குச் சுடத்தான் செய்தது. நியாசின்தான் அந்தச் சத்து என்று கான்ராட் எல்வெஜெம் 1937-இல் கண்டறிந்தபோது கோல்ட்பெர்கர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கவனிக்க வேண்டியது இது: பெல்லாக்ரா பேரளவில் வெடித்தது அடிமைமுறை ஒழிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. சட்டப்படி விடுதலையானவர்கள் வாரக் குத்தகைக்காரர்களாகக் கடனில் சிக்கியிருந்தார்கள். நில உடைமையாளர்கள் வீட்டு வாசல்வரை பருத்தி போடச் சொன்னார்கள். தோட்டம் போட இடமில்லை, பயறு விதைக்க இடமில்லை, மாடு கட்ட இடமில்லை. கொழுப்பு இறைச்சியும் மக்காச்சோள மாவும் பாகும் மட்டும் தட்டில் மிஞ்சின. டக்ளஸ் குறித்த அந்தப் படியிலேயே ஒருவர் வாழ நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வரலாறு இப்படிக் காட்டியது. பழைய சமையல்காரிகள் பானையில் பயறு சேர்த்ததன் மதிப்பு அந்தப் பயறு இல்லாமல் போனபோதுதான் வெளியே தெரிந்தது.

இதை அந்தக் காலத்திலேயே உணர்ந்து செயல்பட்ட ஒரு கறுப்பின அறிவியலாளர் உண்டு. அடிமைத் தாய்க்குப் பிறந்து, 1896-இல் அலபாமாவின் டஸ்கீகி கல்விக்கூடத்துக்கு வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நிலக்கடலையோடு சேர்த்தே அவர் பெயரைச் சொல்கிறோம். காராமணிக்கும் அவர் தந்த இடம் பெரிது. காராமணி வேரின் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உரமாக்கித் தருகின்றன. பருத்தி உறிஞ்சி வெறுமையாக்கிய மண்ணுக்கும் அதை உழுத குடும்பத்தின் உடம்புக்கும் ஒரே பயிர் மருந்து. ஏழை விவசாயிக்குப் புரியும்படி அதை விளைவிக்கவும் சமைக்கவும் சொல்லும் சிறு வெளியீடுகள் எழுதினார். 1906-இல் குதிரை வண்டி ஒன்றையே வகுப்பறையாக்கி, ஊர் ஊராக அனுப்பவும் ஏற்பாடு செய்தார்.

அடுத்தது கீரை. கொலார்டு என்பது முட்டைக்கோஸ் குடும்பத்தில் தலை கட்டாத, தடித்த அகல இலை. கீரை ஐரோப்பாவினுடையது, அதை மணிக்கணக்காகப் பானையில் வேகவைத்துச் சாறோடு உண்ணும் முறை ஆப்பிரிக்காவினுடையது. நாள் முழுதும் பண்ணையார் வயலில் வேலை செய்துவிட்டு, இருட்டியபின் குடிசைக்குப் பின்னால் வளர்த்த தோட்டக் கீரை. புகைபோட்ட பன்றிக் கால் எலும்பு ஒன்று பானைக்குள் போகும். கீரையின் கசப்பு குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்களால் வருவது. உப்பின் சோடியம் நாக்கு கசப்பை உணர்வதையே மட்டுப்படுத்தும். எலும்பையும் சவ்வையும் இணைக்கும் கொலாஜன் மெல்லிய சூட்டில் நெடுநேரம் வெந்து ஜெலட்டினாக இளகிச் சாற்றுக்கு வழுவழுப்பைத் தரும். இலையிலுள்ள பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே-யும் கொழுப்பில் கரைபவை. அந்தச் சிறு கொழுப்பு இல்லாவிட்டால் அவற்றில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும்.

நெடுநேரம் வெந்தால் சத்து போய்விடாதா என்று கேட்கலாம். வைட்டமின் சி-யில் ஒரு பகுதி சூட்டில் அழியும், உண்மை. ஆனால் நீரில் கரையும் சத்துகளில் பெரும்பங்கு இலையிலிருந்து சாற்றுக்குள்தான் இறங்குகிறது. ஃபோலேட், பொட்டாசியம் எல்லாம் அங்கே இருக்கும். அந்தச் சாற்றுக்குப் பாட் லிக்கர் என்று பெயர். அதைக் கொட்டிவிடாமல் கார்ன்பிரெட்டை அதில் தோய்த்துத் தின்பதுதான் மரபு. பண்ணை வீட்டுச் சீமாட்டி மேசைக்கு இலை போகும், சமையற்கட்டில் நின்றவர்களுக்குச் சாறு மிஞ்சும். மிஞ்சியதில்தான் சத்து இருந்தது.

கால்சியத்தையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் பெரும்பான்மையினருக்கு வளர்ந்த பிறகு பாலின் லாக்டோஸ் செரிப்பதில்லை. நம்மில் பலருக்கும் அப்படித்தான். பசலை போன்ற கீரைகளில் கால்சியம் இருந்தும் ஆக்சலேட் அதைப் பிடித்துக்கொள்வதால் உடம்புக்குக் கிடைப்பது சொற்பம். கொலார்டில் ஆக்சலேட் குறைவு. கால்சியம் நன்றாகச் சேரும். பால் சேராத மக்கள் வேறு எந்தக் கீரையைத் தேர்ந்திருந்தாலும் இவ்வளவு பொருந்தியிருக்குமா என்பது ஐயமே.

வெண்டைக்காயைப் பற்றி இரண்டே வரி. புளியைக் கரைத்து ஊற்றியும் எண்ணெயில் வதக்கியும் நாம் விரட்டும் அந்தக் கொழகொழப்பை, நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனதை, லூசியானா சமையல்காரர்கள் வேண்டுமென்றே வெளிக்கொண்டுவந்து கம்போ என்ற குழம்பைக் கெட்டியாக்குகிறார்கள். ஒரே காய், எதிரெதிர் நோக்கம்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு இன்று பாகில் ஊறித் தட்டுக்கு வருகிறது. குடிசைகளில் அதற்குப் பாகு தேவைப்படவில்லை. அடுப்பு அணையும் நேரத்தில் சாம்பலுக்குள் புதைத்துவிடுவார்கள். கிழங்குக்குள் பீட்டா அமைலேஸ் என்றொரு நொதி இருக்கிறது. 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் சர்க்கரை ஆக்கும். கொதிநீரில் போட்டால் சூடு விரைவில் அந்த எல்லையைத் தாண்டி நொதி செத்துவிடும். சாம்பலின் மந்தச் சூட்டில் கிழங்கு அந்த எல்லைக்குள் நெடுநேரம் கிடப்பதால், காசில்லாமலே இனிப்பு விளைந்தது.

காசுள்ள இனிப்பின் பின்னாலும் ஒரு கறுப்பினப் பொறியாளர் இருக்கிறார். லூசியானாவில் கரும்புச்சாறு வரிசையாக வைத்த திறந்த கொப்பரைகளில் காய்ந்தது. கொதிக்கும் பாகை அகப்பையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மொண்டு ஊற்றியவர்கள் அடிமைகள்; வெந்து புண்ணானவர்களும் அவர்களே. நியூ ஆர்லியன்ஸில் 1806-இல் பிறந்து பாரிசில் படித்த நார்பர்ட் ரில்லியூ 1840-களில் அதற்கு மாற்று கண்டார். மூடிய கலங்களில் காற்றழுத்தத்தைக் குறைத்தால் சாறு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். முதல் கலத்தில் எழும் நீராவி, அழுத்தம் இன்னும் குறைந்த அடுத்த கலத்தைக் கொதிக்க வைக்கும். அதன் ஆவி அதற்கடுத்ததை. ஒருமுறை எரித்த விறகு பலமுறை வேலை செய்யும், சர்க்கரையும் கருகாது. தமிழ்நாட்டின் சர்க்கரை ஆலைகளில் இன்று கரும்புச்சாற்றை வற்றவைப்பதும் இதே முறையில்தான். நம் காபியில் விழும் ஒவ்வொரு கரண்டிச் சர்க்கரையிலும் அவருக்குப் பங்குண்டு, நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

இந்த உணவு உடம்புக்குக் கேடு என்ற குற்றச்சாட்டையும் மறைக்கக் கூடாது. பொரித்த கோழி, பதப்படுத்திய இறைச்சி, சர்க்கரை பானம் மிகுந்த தென்மாநிலப் பாணி உணவை அதிகம் உண்பவர்களுக்கு இதய நோய் ஆபத்து 56 விழுக்காடு கூடுதல் என்று 17,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015-இல் சொன்னது. ஆனால் பொரித்த கோழி ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் உரியது. வாரநாளில் பயறும் கீரையும் கிழங்கும். விருந்து உணவு தினசரி உணவானதுதான் கோளாறு.

அதே 2015-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ’கீஃப் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பிட்ஸ்பர்க்கின் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேர். இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. அவர்களுக்கு வந்த ஆப்பிரிக்க வகைத் தட்டில் காராமணியும் வெண்டைக்காயும் இருந்தன. இரண்டு வாரத்துக்குள் குடலின் நுண்ணுயிர்கள் மாறின. குடல் சுவரைக் காக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம் பெருகியது, அழற்சி குறைந்தது. கிராமத்தவர்களிடம் எல்லாம் தலைகீழாக நடந்தது. பெருங்குடல் புற்றுநோய் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் மிகுந்தும் அந்தக் கிராமங்களில் அரிதாகவும் இருப்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. பாட்டிகளின் வாரநாள் தட்டை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையும் மெய்ப்பித்ததில்லை.

வாஷிங்டன் போக வாய்ப்பவர்கள் இந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நுழைவு இலவசம், நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும், உணவுக்கு மட்டும்தான் காசு. முதலில் ஆழத்திலிருக்கும் வரலாற்றுக் கூடங்களைப் பார்த்துவிட்டு மேலே வந்து சாப்பிட உட்காருங்கள். பொரித்த கோழிக்கு நீண்ட வரிசை நிற்கும்; காராமணியும் கொலார்டு கீரையும் கிடைத்தால் அவற்றை முதலில் கேளுங்கள், கீரையைச் சாறோடு ஊற்றச் சொல்லுங்கள்.